இரண்டு வண்டி, ஒரு ஒயர், ஒரு சிவப்புத் துணி

எங்கள் வீட்டு வாயாடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அண்ணனும் அண்ணியும் கை கால் சுகமாக இருக்கிறோம், வாசலில் நிற்கிற இரண்டு வண்டிகளும் சுகம், என் தையல் மிஷினுக்கு மட்டும் கொஞ்சம் முட்டிவலி, எண்ணெய் விட்டிருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டு, சந்தோஷமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நாங்களும் இரண்டாவதாக ஒரு கரண்ட் கார் வாங்கலாமா அப்பா, நம் வீட்டில்தான் இரண்டு இருக்கிறதே, எப்படிப் போகிறது என்று போனில் கேட்டாய். உன் அம்மா பக்கத்திலேயே நின்றதால் நன்றாகத்தான் போகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் புகுந்து கேள்வி கேட்டு, ஏற்கெனவே குழம்பிக் கிடக்கிற என்னை இன்னும் கலக்கிவிடுவாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் படித்த படிப்புக்குப் பிழை இருக்கும், நீ சிரித்துக்கொள், மாப்பிள்ளையிடம் காட்டாதே.

வெள்ளை வண்டி உன் அம்மாவுடையது, அதற்கு வெள்ளச்சி என்று நான் பேர் வைத்திருக்கிறேன். நீல வண்டி அண்ணியுடையது, அது நீலி. இரண்டும் பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும், பழைய ஸ்கூட்டர் என்றால் தெருமுனையிலேயே நான் வருகிறேன் என்று இருமிக்கொண்டு வரும். உன் அம்மா விடிவதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குக் கிளம்பி மத்தியானம் சாய்கிற நேரத்துக்குத் திரும்பிவிடுவாள். அண்ணி லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவள், எந்தக் கட்டடத்துக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று அவளுக்கே தெரியாது, ஊரையே சுற்றிவிட்டுச் சாயங்காலம்தான் வருவாள். உன் அண்ணன் பேக்கரிக்கு நடந்தே போகிறான், அவனுக்கு வண்டி ஓட்டப் பயம், வெளியே கேட்டால் உடற்பயிற்சி என்கிறான். ஆக வண்டி இரண்டு, சுவரில் சார்ஜ் போடுகிற ஒயர் ஒன்றே ஒன்று. இன்னொன்று போடலாமா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டோம், அவர் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, இந்த வீட்டு லைன் இரண்டைத் தாங்காது என்று சொல்லி இன்னும் என்னென்னவோ விளக்கினார், நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன், ஒன்றும் ஏறவில்லை. அதனால் ஒயர் மாற்றுகிற மந்திரி பதவி எனக்கு வந்தது, நாள் பூராவும் வீட்டில் இருக்கிறவன் நான்தானே. உன் அம்மா வந்ததும் ஒயர் வெள்ளச்சிக்கு, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நான் போய்க் கழற்றி நீலிக்கு மாட்டவேண்டும், விடியும்போது இரண்டுக்கும் வயிறு நிறைந்திருக்கும். நூறு வரைக்கும் ஏற்றக்கூடாது மாமா, எண்பது போதும், அதுதான் பாட்டரிக்கு நல்லது என்று அண்ணி சொல்லியிருந்தாள். பந்தியில் உட்கார்ந்தால் எண்பதோடு எவன் எழுந்திருப்பான் என்று கேட்டேன், நீங்கள் எழுந்தால் உங்களுக்கும் நல்லது என்று உன் அம்மா என் வயிற்றைப் பார்த்துச் சொன்னாள்.

இப்படிச் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு எங்கே கோணியது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் மத்தியானம் உன் அம்மா வந்து, நேற்று ஒயரை மாற்ற மறந்துவிட்டீர்களா, காலையில் என் வண்டியிலேயே கிடந்தது, நான்தான் நீலிக்கு மாட்டிவிட்டுப் போனேன் என்றாள். மாற்றினேனே என்றேன். மறுநாளும் அதே புகார், அதற்கு அடுத்த நாளும் அதே. நான் மாற்றியது என் கைக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் காலையில் வெள்ளச்சியில்தான் இருந்தது என்று அவள் சத்தியம் செய்கிறாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை, சொன்னாலும் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று உனக்குத் தெரியும். அப்படியானால் எனக்குத்தான் மூளை கழன்றுவிட்டதா என்று யோசித்தேன். ஒயரை மாற்றிய கையோடு மாற்றிவிட்டேன் என்று எனக்கே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், பக்கத்து வீட்டு டீச்சர் மதில் மேலாக எட்டிப் பார்த்து யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டபிறகு அதையும் விட்டுவிட்டேன். வெளியே சிரித்துக்கொண்டிருந்தேன், உள்ளே நிஜமாகவே பயந்துபோனேன் அம்மாடி. ஜாக்கெட்டுக்குக் கை வைக்க மறந்து கொடுத்துவிடுவேனோ என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அதற்குள் வீட்டில் பேச்சு வற்றிவிட்டது. அண்ணி வந்தால் குளித்தாள், சாப்பிட்டாள், அறைக்குப் போய்விட்டாள். கேலி செய்தால் பதிலுக்கு மட்டம் தட்டுகிற பெண், சும்மா உதட்டை இழுத்துவிட்டுப் போனாள். அம்மா அவள் தட்டில் கூடுதலாக வைத்ததை அவள் ஒதுக்கி வைத்தாள், அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தாள். என்னம்மா விஷயம் என்று தனித்தனியாக இருவரையும் கேட்டேன், ஒன்றுமில்லை என்று இருவரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். இதில் மட்டும் என்ன ஒற்றுமையோ. கடைசியில் உன் அண்ணன்தான் என் மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டே சொன்னான், அண்ணி வேலை செய்கிற கம்பெனிப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறார்களாம், அங்கே அவள் வண்டிக்குத் தனியாக ஒயர் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டுமாம். உனக்கு இதில் சம்மதமா என்று கேட்டேன். அவளுக்கு இங்கே இடம் இல்லாத மாதிரி இருக்கிறதாம் அப்பா, நான் என்ன செய்ய என்றான். இத்தனை பெரிய வீட்டில் இடம் இல்லையா, எந்த மூலையில் இல்லை என்று கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். பிடித்துக் கட்டிவைக்க நான் என்ன கயிறா, அவளுக்கு எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே இருக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டு மடித்து வைத்த துணியையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை நல்ல மழை. உன் அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சீருடையைக்கூட மாற்றவில்லை, அண்ணி போன் செய்தாள். ஒரு கட்டடத்தில் லிப்ட் பாதியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவள் போய்ச் சேர்வதற்குள் மேம்பாலத்துக்குக் கீழே நீலி சார்ஜ் இல்லாமல் நின்றுவிட்டது, மழையில் வாடகை வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை, வேறு வழியில்லாமல்தான் கூப்பிடுகிறேன் மாமா என்றாள். வேறு வழியில்லாமல் என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. நான் போனை வைப்பதற்குள் உன் அம்மா வெள்ளச்சியில் ஏறிவிட்டாள். நானும் ஒரு குடையை எடுத்துக்கொண்டு பின்சீட்டில் விழுந்தேன். அவள் ஓட்டுவதை நீ பார்க்கவேண்டும், முதுகைச் சாய்க்காமல், பட்டாளத்துக்குத் தலைமை தாங்குகிற மாதிரி. பாலத்துக்குக் கீழே அண்ணியையும் அவள் கருவிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் கண்ணாடி துடைக்கிற கம்பிதான் பேசிக்கொண்டு வந்தது.

அண்ணி மேலே ஏறிப் போய் என்ன செய்தாளோ, லிப்ட் கதவு திறந்தது. உள்ளே இருந்து ஒரு ஆளும் ஒரு பெரிய மெத்தையும் வெளியே வந்தார்கள், மெத்தையைக் கொண்டுவந்து கொடுக்கிறவராம், அத்தனை நேரம் அதிலேயே சாய்ந்து தூங்கியிருக்கிறார், நாங்கள்தான் பதறியிருக்கிறோம். அண்ணி லிப்ட்டைப் பூட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்துக் கதவில் மாட்டினாள். உன் அம்மா அந்த அட்டையையே பார்த்தாள். இது எதுக்கும்மா என்று கேட்டாள்.

"இன்னும் வேலை முடியலைன்னு அர்த்தம் அத்தை. இது தொங்குற வரைக்கும் நாங்க விட்டுட்டுப் போகக்கூடாது. மாமா உங்க வண்டியில சிவப்புத் துணி கட்டுறாரே, அது மாதிரிதான்."

"என் வண்டியில கட்டுறது நீ இல்லையா?"

"நானா? நான் ஏன் அத்தை கட்டப்போறேன்?"

இருவரும் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கட்டடத்துக்கு உள்ளே நின்றுகொண்டு குடையை விரித்துப் பிடித்திருந்தேன்.

விஷயம் இதுதான் அம்மாடி. ராத்திரி ஒயரை நீலிக்கு மாற்றியதும், வெள்ளச்சியின் கதவுக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கிழித்துக் கட்டிவிடுவேன். நான் தைத்து முடித்த உருப்படிக்குச் சிவப்புத் துணி குத்தி வைப்பேனே, வேலை முடிந்தது, இனி கைவைக்க வேண்டாம் என்று, அதே பழக்கம்தான். யாருக்கும் நான் சொல்லவில்லை, சிவப்பைப் பார்த்தால் தெரியாதா என்று இருந்துவிட்டேன். அண்ணி படுக்கப்போகும் முன் வெளிக்கதவைப் பூட்ட வருவாள், வெள்ளச்சியில் சிவப்பைப் பார்ப்பாள், அவள் தொழிலில் சிவப்பு என்றால் வேலை பாக்கி. அத்தை வண்டிக்கு இன்னும் வேண்டும் என்று மாமா கட்டியிருக்கிறார் என்று நினைத்து, நீலியிலிருந்து கழற்றி வெள்ளச்சிக்கே மறுபடி மாட்டிவிட்டுப் போவாள். விடிகாலையில் உன் அம்மா வந்து பார்த்தால் ஒயர் அவள் வண்டியில், கைப்பிடியில் சிவப்பு. ஆஸ்பத்திரியில் சிவப்புப் பை என்றால் தொற்று உள்ள துணி, வெறுங்கையால் தொடாதே, தனியாக வை என்று அர்த்தமாம். மருமகள்தான் கட்டியிருக்கிறாள், என் வண்டியை ஒதுக்கி வைக்கச் சொல்கிறாள் என்று இவள் மனதுக்குள் வைத்துக்கொண்டு, துணியைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கிளம்புவாள். துணி காணோமே, காற்றில் போயிற்று போல என்று நான் அடுத்த நாள் புதிதாக ஒன்று கிழிப்பேன். ஒரு பாவாடைக்குப் போட வைத்திருந்த சிவப்பு லைனிங்கில் பாதி இப்படியே போய்விட்டது.

என் மூளை நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு முதலில் சந்தோஷம்தான், சிரித்துவிட்டேன். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. அண்ணி அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி பூராவும் நீங்கள் ஏற்றிக்கொண்டு, காலையில் மிச்சத்துக்குப் போடுகிற மாதிரி என் வண்டியில் ஒயரை மாட்டிவிட்டுப் போகிறீர்கள் என்று நினைத்தேன் அத்தை, மாமாவும் தினம் தினம் துணி கட்டி அதையே சொல்கிறார் என்று நினைத்தேன் என்றாள். உன் அம்மா அவளுக்குப் பக்கத்தில், சீருடை ஈரத்தோடு, உட்கார்ந்தாள்.

"அடி போடி. நீ என்னை ஒதுக்குறேன்னு நினைச்சு அவ்வளவு கோபம் எனக்கு. கோபத்தோட கோபமா, பாவம் இந்தப் பொண்ணு ஊரெல்லாம் சுத்தணுமேன்னுதான் அதுல மாட்டிட்டுப் போவேன்."

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அட்டை தொங்குகிறது அத்தை, வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். பிறகு ஒரு லாரியை வரவழைத்து நீலியை ஏற்றிச் சார்ஜ் போடுகிற இடத்துக்குக் கொண்டுபோனோம். அது நிறைகிற வரைக்கும் மூன்று பேரும் வெள்ளச்சிக்குள் உட்கார்ந்திருந்தோம். என்னைத் திட்டுவதில் இருவரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள், நான் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன், பேச்சுச் சத்தம் கேட்டதே போதும் என்றிருந்தது.

இப்போது என் மந்திரி பதவி போய்விட்டது, வீட்டில் துணி கட்டத் தடை. உள்ளே வருகிறவர்கள் வண்டியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும் என்று புதுச் சட்டம். எனக்கு முப்பது இருக்கு அத்தை என்று இவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்கிறாள், எனக்கு ஐம்பது, நாளைக்கு நீ எங்கே போகணும் என்று அவள் அடுப்படியிலிருந்து கேட்கிறாள். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் என்ன ஆயிற்று, இன்றைக்கு யார் யாரைத் திட்டினார்கள் என்று அப்படியே பேச்சு நீண்டுவிடுகிறது. சில நாள் பேச்சு சுவாரசியத்தில் ஒயரை மாட்டவே மறந்துவிடுகிறார்கள், அப்புறம் நான்தான் எழுந்து போகிறேன்.

ஆனால் அந்த வீட்டு விஷயம் என்ன ஆயிற்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகக் கேட்கக்கூடாது என்று உன் அம்மா கண்ணாலேயே மிரட்டி வைத்திருக்கிறாள். இன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அந்தப் புது வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து போன் வந்தது, அண்ணி வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனாள். நான் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினேன், நீலிக்குப் பின்னால் நின்று பேசியதால் ஒன்றும் விழவில்லை. முகத்தைப் பார்த்தேன், லிப்ட் ரிப்பேர் செய்கிற முகம் மாதிரி இருந்தது, அதில் என்ன தெரியும். பேசி முடித்து நேரே என்னிடம் வந்தாள். மாமா, மழையில் நம் சுவரில் இருக்கிற ஒயர் பெட்டி நனைகிறது, அதற்கு ஒரு உறை தைத்துத் தரமுடியுமா என்று கேட்டாள். எப்படிப்பட்ட துணி போட என்று கேட்டேன். கெட்டியாக, தண்ணீர் இறங்காததாகப் போடுங்கள், நாலைந்து வருசமாவது தாங்கவேண்டும் என்றாள். நான் ஊசியைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன். போகிறவள் எதற்கு நாலைந்து வருசம் தாங்குகிற உறையைக் கேட்கிறாள்? இருக்கிறவள் என்றால் இருக்கிறேன் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டியதுதானே? எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீ படித்தவள், யோசித்துச் சொல். என்ன கலர் என்று மட்டும் கேட்டேன். எந்தக் கலர் வேண்டுமானாலும் போடுங்கள், சிவப்பு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள், உள்ளே போய் இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாளைக்கு வெட்டப்போகிறேன். எதற்கும் இரட்டைத் தையலாகவே போட்டுவிடுகிறேன்.

இரண்டாவது வண்டி வாங்குவதென்றால் வாங்குங்கள், சந்தோஷம். மாப்பிள்ளைக்குச் சிவப்பைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று முதலில் கேட்டு வைத்துக்கொள். இருவரும் நீண்ட நாள், நோய் நொடி இல்லாமல், பேச்சுக் குறையாமல் வாழவேண்டும். போன தடவை அனுப்பிய சட்டை மாப்பிள்ளைக்குத் தோளில் பிடிக்கிறதா என்று கேட்டிருந்தேன், அதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை, மறக்காதே.

உன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருக்கிற,
பதவி போன மந்திரி,
உன் அப்பா