அருளப்பன் அண்ணன் கேட்ட கார்

என்னங்க, உங்களைத்தான்,

போன ஞாயித்துக்கிழமை காருக்கு நானே ஆயில் மாத்தினேன். சிரிக்காதீங்க. இருபது வருஷம் கழிச்சுக் காருக்கு அடியில படுத்ததுல, இடுப்பு இன்னும் என் பேச்சைக் கேக்கல.

இந்த வயசுல எதுக்கு இந்த வேலைன்னு கேப்பீங்க. அருளப்பன் அண்ணன் காரைக் கேட்டாருங்க. நீங்க கண்ணை மூடி மூணு மாசம்கூட ஆகல. அரியலூர்லேர்ந்து வந்து, "விக்கிறதா இருந்தா வெளியில கொடுத்துடாதீங்க தங்கச்சி, நான் பத்திரமா வெச்சுக்கிறேன்"னார். திருச்சியில இருக்குற உங்க மக போன்ல, "கொடுத்துடும்மா. அந்தக் காரைப் பத்தி மாமாவுக்குத்தான் தெரியும்"ங்கறா.

எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. கல்யாணமான புதுசுல அந்தக் காருக்கு பிளக் கழட்டித் துடைச்சது யாரு? சத்தத்தை வெச்சே பெல்ட் தொங்குதுன்னு சொன்னது யாரு? "நானே பாத்துக்கிறேன். என்னால முடியலைன்னா அப்புறம் மாமாவுக்குக் கொடு"ன்னு சொல்லிட்டேன். வீறாப்பாச் சொல்லிட்டேனே தவிர, பழைய வேலை கைக்கு வருமான்னு எனக்கே தெரியல.

பாப்பா வயித்துல இருந்தப்ப, "கொஞ்ச நாளைக்கு நீ குனியாத"ன்னீங்க. அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லையே, ஏங்க? அதுக்குள்ள உங்க ஸ்கூலுக்கு மாத்தலாகி வந்த அருளப்பன் வாத்தியார் என் இடத்துல நின்னுட்டார். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட வந்துடுவார். ரெண்டு பேரும் பானட்டுக்குள்ள தலையை விட்டா, மத்தியானச் சோத்துக்குத்தான் வெளியில எடுப்பீங்க. உள்ள நான் பிள்ளையை ஆட்டிக்கிட்டு உங்க சிரிப்பைக் கேட்டுக்கிட்டிருப்பேன்.

பொறாமைதாங்க. இப்ப சொல்றதுக்கென்ன? இன்னொரு பொம்பளையா இருந்தா சண்டையாவது பிடிச்சிருப்பேன். வழுக்கைத்தலை வாத்தியாரோட என்னன்னு சண்டை பிடிக்கிறது?

சரி, கதைக்கு வரேன். முன்சக்கரத்தைக் கட்டையில ஏத்தி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பழைய ஆயிலைப் பூரா அலுமினியச் சட்டியில இறக்கினேன். பழைய ஃபில்டரைக் கழட்டிப் புதுசைத் திருகினேன். புது ஆயிலை ஊத்தி ஸ்டார்ட் பண்ணினா, என்ன மாதிரி சத்தம்! சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியல. கீழ இறங்கிப் பாத்தா வாசல் பூரா ஆயில். ஓடிப்போய் வண்டியை அணைச்சேன்.

அந்த நேரம் பாத்துத்தான் கேட்டைத் திறந்துக்கிட்டு அருளப்பன் அண்ணன் வரணுமா? பூமி பிளந்தா உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. அவ்வளவுதான், கார் போச்சுன்னு நினைச்சேன்.

அவர் நேரா காருகிட்ட வந்தார். குனிஞ்சு பாத்தார். "ரெண்டு வளையம் இருக்கு தங்கச்சி"ன்னார். பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. அதை எடுக்காம அதுமேலயே புதுசை மாட்டியிருக்கேன். "நானும் சாரும் மொத தடவை இதைத்தான் பண்ணினோம். அன்னிக்கு சார் சொன்னாரு, 'அவ இருந்திருந்தா இது நடந்திருக்காதுய்யா. அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது'ன்னு."

"எப்ப சொன்னாரு?"

"எப்பவும் சொல்லுவாரு. ஸ்பேனரைக் கையில எடுத்தாலே உங்க பேச்சுதான்."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லைங்க. வாசலுக்கும் அடுப்படிக்கும் எத்தனை அடி தூரம்? அந்த ஒரு வார்த்தையை உள்ள வந்து என்கிட்ட சொல்லியிருந்தா, பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டே ஓடி வந்திருப்பேனே. எனக்குன்னு இருந்த பேச்சை இருபது வருஷமா அவர் கேட்டுக்கிட்டிருந்திருக்கார். அந்த ஆயில் மேலயே உக்காந்து அழுதேன். பாவம், அந்த மனுசன் என்ன பண்றதுன்னு தெரியாம நின்னுக்கிட்டிருந்தார்.

அப்புறம் எழுந்து, வளையத்தைப் பிச்சு எறிஞ்சுட்டுத் திரும்ப மாட்டினேன். அவரைத் தொட விடல. குறைஞ்ச ஆயிலை ஊத்தி ஸ்டார்ட் பண்ணினேன். ஒரு சொட்டு ஒழுகலைங்க. "கார் உங்ககிட்டயே இருக்கட்டும் தங்கச்சி"ன்னார்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன், காரை நான் நல்லா ஓடுற மாதிரிதான் வெச்சிருப்பேன். அருளப்பன் அண்ணனையும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். வேலை செய்ய இல்லை. நாற்காலி போட்டு உக்கார வெச்சு, நீங்க என்னைப் பத்திச் சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாமக் கேட்டு வாங்கப்போறேன்.

இன்னும் கோவம் தீராத உங்க வூட்டுக்காரி,
செல்வி
பெரம்பலூர்