திரையில் இல்லாத சாவி

இன்று புது சிமுலேட்டர் வந்து இறங்கியது. கம்ப்யூட்டர் திரையில் இரும்பு கடையும் ஒரு லேத். மவுஸை ஒருமுறை அழுத்தினால் இரும்புத் துண்டு லேத்தின் சுழலும் வாயான சக்கில் தானாக இறுகிக்கொள்கிறது. இறுக்கும் சாவியை இதிலும் காட்டவில்லை. "இதுல ஆக்சிடெண்டே நடக்காது சார்" என்றான் விற்க வந்தவன். மேஜையை ஓங்கிக் குத்திவிட்டேன். கை வீங்கிவிட்டது. உனக்கு இடக்கையால் எழுதுகிறேன்.

நம் பயிற்சி நிலையத்துக்கு முதல் சிமுலேட்டரைக் கேட்டு வாங்கியவன் நான். நிஜ லேத்தைத் தொடுமுன் பிள்ளைகள் திரையில் பழகட்டும், ஒரு விரலும் போகாது என்று பீற்றிக்கொண்டேன். நீ கோலார் தங்கவயலில் வளர்ந்தவன், உன் வாய் சும்மா இருக்குமா? "இன்னாடா, ரத்தம் வராத மெஷின்ல இன்னாத்த கத்துக்குவாங்க?" என்று என் சட்டையைப் பிடித்தாய். நான் உன்னைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினேன். மற்ற வாத்தியார்கள் ஓடிவந்து விலக்கிவிட்டார்கள்.

அடுத்த வாரமே ரேவதியை நிஜ லேத்தில் நிறுத்தினேன். சந்தாபுராவிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண், சிமுலேட்டரில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். "நீ தள்ளி நில்லு, அவளே ஓட்டுவா" என்றேன் உன்னிடம். அவள் துண்டை இறுக்கினாள். சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போடப் போனாள். திரையில் இல்லாத சாவியை எடுக்க அவளுக்கு எப்படித் தோன்றும்? நீ பாய்ந்து அவளைத் தள்ளுவதற்கும் லேத் சுழல்வதற்கும் சரியாக இருந்தது. அந்தச் சாவி தெறித்து உன் முகத்தில் இறங்கியது. உன் பல் ஒன்று என் ஷூ மேல் வந்து விழுந்தது. இடது கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது.

தரையில் கிடந்தபடியே சொன்னாய்: "பொண்ணு மேல எழுதாதடா. உன் டப்பா மேல எழுது."

அறிக்கை எழுதியவன் நான்தான். சிமுலேட்டரைத் தூக்கிவிடுவார்கள் என்று பயந்து, சாவியை எடுக்க மறந்தது நீ என்று எழுதினேன். கண்ணோடு உன் வேலையும் போனது. நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்துக்கொண்டாவது தீர்த்திருப்போம். போன மாதம் உன்னைக் குழியில் இறக்கியபோது ரேவதி விக்கி விக்கி அழுதாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று விற்பனைக்காரன் போனதும் நிலைய முதல்வர் அறைக்குப் போய், அன்று எழுதியது பொய் என்றேன். "போனவருக்கு இனிமே எதுக்கு சார், விடுங்க" என்றார்.

அன்று தரையிலிருந்து நான் எடுத்து ஒளித்த அந்தச் சாவி என் பேன்ட் பையில்தான் இருக்கிறது. உட்காரும்போதெல்லாம் தொடையில் குத்துகிறது.