நீ கழுவிச் சுத்தம் செய்த பொடி

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஒரகடத்தில் ஒரு பெயின்ட் கம்பெனி வாசலில் ஆள் ஏற்ற நிறுத்தினார்கள். குப்பென்று தின்னர் வாடை. பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. நாம் இருவரும் ஆராய்ச்சி மாணவிகளாக ஒரே ஆய்வக மேசையில் வேலை செய்த காலத்தில் நம் துணியெல்லாம் அடித்த வாடை அது. நீ இறந்துபோய் நாற்பது நாள் கழித்து, உன் வீட்டுக்கு, அதுவும் முதல் தடவையாக, வந்துகொண்டிருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

புற்றுநோய் செல்களைக் கொல்லும் என்று நம்பி நாம் செய்த வெள்ளைப் பொடி உனக்கு மறந்திருக்காது. அதைச் செய்யும்போது ஒரு துத்தநாக உப்பைச் சேர்ப்போம்; முடிந்ததும் கழுவி நீக்கிவிட வேண்டும். நான் அவசரக்காரி. ஒரே ஒரு தடவை கழுவினேன். செல்கள் மேல் போட்டால் கொத்துக் கொத்தாகச் செத்தன. ஆய்வகமே கைதட்டியது. நீ மூன்று தடவை கழுவி, கண்ணாடிக் குழாயில் ஏற்றிச் சொட்டுச் சொட்டாகப் பிரித்தெடுத்துக் கொடுத்தாய். ஒரு செல்கூடச் சாகவில்லை.

"ஏய், ஏதோ கூட ஒட்டிகினு கீதுடி. அதான் கொல்லுது, நம்ம மருந்து இல்ல," என்றாய். "உன் பொடியயும் குடு, இன்னொரு தபா கழுவிப் பாத்துடலாம்."

"சும்மா இரு. கட்டுரை போகட்டும், அப்புறம் பாக்கலாம்," என்றேன்.

மறுநாள் காலை நம் பேராசிரியர், ஏன் இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக வருகிறது என்று கேட்டார். உன் பஸ் இன்னும் வரவில்லை. "அவளுக்குக் கை வரல சார். கழுவறேன் கழுவறேன்னு மருந்தையே கெடுத்துடறா," என்றேன். நாக்கு கூசவில்லை எனக்கு. அவர் அதையே உன் முகத்துக்கு நேரே சொல்லி, உன்னை அந்த வேலையிலிருந்து எடுத்தார். ஆறே மாதத்தில் நீ படிப்பை விட்டுவிட்டு, ஒரகடத்தில் பெயின்ட் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தாய். நான் அந்தக் கட்டுரையைக் காட்டிப் புற்றுநோய் உயிரியல் ஆய்வகத்தில் இடம் பிடித்தேன்.

அங்கே செல்களைப் பற்றி ஒழுங்காகப் படிக்கப் படிக்க, நீ சொன்னது உறுத்த ஆரம்பித்தது. ஒருநாள் வெறும் துத்தநாக உப்பை மட்டும் செல்கள் மேல் போட்டேன். அதே மாதிரி செத்தன. உடனே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா? செல்கள் இருந்த தட்டைக் குப்பையில் போட்டேன். வேதியியல் பக்கமே போகாமல், "அது அலுத்துப்போச்சு, அதான் உயிரியலுக்கு வந்துட்டேன்," என்று கூட்டங்களில் சிரித்துக்கொண்டு சொன்னேன். ஒருமுறை நீயே போன் செய்து, "நம்ம பவுடர் இன்னாச்சுடி?" என்று கேட்டாய். "அது அப்படியே நின்னுபோச்சு," என்று பேச்சை மாற்றினேன்.

மண்ணூரில் உன் வீட்டை அடைந்ததும், உன் வீட்டுக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். "உங்க பேரு பேப்பர்ல வந்தா எங்க வூட்டம்மா வெட்டி வச்சிக்கும் மேடம்," என்றார். உன் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டுவைத்தேன்.

"பி.காம். கெமிஸ்ட்ரிதான்னு ஒத்தக்கால்ல நின்னா. அவங்கம்மாதான் வுடல. 'என் கைதான் உனுக்கும், எத தொட்டாலும் கெட்டுப்பூடும், வேணாம்'னு சொல்லிடுச்சு."

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிவிட்டதைச் சொன்னேன். உன் சாவுச் செய்தி வந்த பிறகுதான் எழுதினேன் என்பதையும் சொன்னேன்.

உன் மகள் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "இது அம்மாவுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியாது."

அவள் உள்ளே போனாள். டீ வைக்கப் போகிறாள் என்று நினைத்து, வெட்கமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து உன் வீட்டுக்காரர்தான், "பஸ் பூடும், கெளம்புங்க மேடம்," என்றார்.

உன் கையில் ஒரு குறையும் இல்லையடி. நீ செய்ததுதான் சரியான பொடி. இதைச் சொல்ல இருபது வருஷம் உன் நம்பர் என்னிடம் இருந்தது.