வேலியோரம் மஞ்சள் மழைக்கோட்டு

அன்புள்ளவளே,

நீ வைத்துவிட்டுப் போன பட்டாணி சூப் தீர்ந்துவிட்டது. வடக்கே குரோனிங்கனில் அக்கா வீட்டிலேயே இன்னும் சில நாள் இரு, அவசரமில்லை.

நீ குரோனிங்கனுக்கு ரயிலேறிய சனிக்கிழமை, ஸ்கிபோல் விமான நிலைய ஓடுபாதைப் பக்கம் ஏணி போட்டு நின்று, ஒரு ஜம்போ விமானம் இறங்குவதைப் படமெடுத்தேன். விமானப் படங்களுக்கான இணையதளத்தில் அதை நிராகரித்துவிட்டார்கள். எதிர் வேலியோரம் இரண்டு பேர் நின்று படத்தைக் கெடுக்கிறார்களாம்.

பெரிதாக்கிப் பார்த்தேன். நான் வாங்கித் தந்த மஞ்சள் மழைக்கோட்டு. பக்கத்தில் ஒருவன். நீ வாய்விட்டுச் சிரிக்கிறாய். அப்படி என்னதான் சொல்லிவிட்டான்? நான் சொன்ன வேடிக்கைக்கெல்லாம் கொட்டாவிதானே விட்டாய்?

என்னோடு படமெடுக்க வரும் ஷூர்ட் எட்டிப் பார்த்தான். "கீழ்ப்பக்கத்தை வெட்டித் தள்ளுடா. பிளேன் மட்டும் இருந்தா உடனே எடுத்துக்குவாங்க. ஆளுங்க நமக்கு எதுக்கு?" என்றான். அவனுக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. நீ அப்படிச் சிரித்து அவனும் பார்த்ததில்லையே.

நான் விமானத்தை வெட்டிவிட்டேன். பிறகு பக்கத்தில் நின்றவனையும் வெட்டினேன். அவன் கை மட்டும் மிச்சம். அதை வெட்டினால் உன் தோளும் போய்விடும்.

இப்படிக்கு,
உன் கணவன்