கரண்டிப் பெரட்டு

நவ. 2, ஞாயிறு

காலையிலிருந்து பனிமூட்டம். எழுதவே வெட்கமாக இருக்கிறது. முதல் போன் வீடியோ வகுப்பு என்று தீபாவளிச் சேலை கட்டி, பவுடர் பூசி உட்கார்ந்தேன். அரை மணி நேரமும் மிஸ் பார்த்தது எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரையை. "தகரம் நல்லா இருக்குங்கம்மா. இப்ப உங்களையும் கொஞ்சம் காட்டுங்க." கொழும்பிலிருந்து பேசுகிறார். சின்ன வயசு. சிரிக்கத் தெரிந்த பிள்ளை.

மகள் பவிக்கு ஆட்டிசம் என்று சொன்ன பதுளை டாக்டர்தான் இதில் சேர்த்துவிட்டார். வகுப்பு பிள்ளைக்கு இல்லை, பெற்றவளுக்கு. மூன்றாம் வகுப்போடு நின்றவள், நாற்பத்தாறில் மறுபடி மாணவி.

என்ன ஆசை என்று மிஸ் கேட்டார். பேர் சொன்னால் பவி ஒருதரம் திரும்பினால் போதும் என்றேன். ஐந்து வயசு. இதுவரை திரும்பியதில்லை.

நவ. 4, செவ்வாய்

மழை. தேயிலைக் கொழுந்து குறைவு. அட்டைக்கடி இரண்டு.

மிஸ் தந்த வேலை: பிள்ளையைக் கூப்பிடாமல், அவள் விளையாட்டுக்குள் நான் போவது. பவி விளையாட்டு என்றால் கரண்டி, மூடி, பூட்டு. எல்லாம் சுவரோரம் வரிசையாக. இத்தனை நாள் திட்டிக்கொண்டே வாரி எடுத்தது. இன்று நானும் ஒரு அகப்பையை வைத்தேன். தூக்கி வெளியே போட்டாள். மறுபடி வைத்தேன். மறுபடி வெளியே.

பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "தொரசாணி இன்னைக்கு ஒனக்கு வேல குடுக்கல. நாளைக்கு வெள்ளன வா" என்றார்.

அதில் பழைய பெரட்டு ஞாபகம். விடியும் முன் ஆட்கள் வரிசையில் நிற்க, கங்காணி பேர் கூப்பிட, குரல் கொடுத்துவிட்டு மலைக்குப் போவது. நானும் தம்பியும் லயத்துக்குப் பின்னால் சுள்ளி நட்டு இதையே விளையாடுவோம். அவன் கங்காணி. முருங்கைக்காய் மாதிரி இருந்துகொண்டு தொண்டையைச் செருமுவான். கடைசிப் பேர் அம்மாவுடையது. அடுப்படியிலிருந்தே "வந்தேங்க" என்பாள். அந்தக் குரல்!

தம்பி இப்போது மொனராகலையில் கடை. அம்மா இல்லை. சுள்ளி நட்ட இடத்தில் தண்ணீர்த் தொட்டி.

நவ. 6, வியாழன்

நல்ல வெயில். வாங்க: உப்பு, சவர்க்காரம், பருப்பு.

கரண்டிகளுக்குப் பேர் வைத்தேன். அகப்பை, அடுத்த வீட்டுச் செல்வி அக்கா. (அதே வாய்.) தம்பி மாதிரி செருமிக் கூப்பிட்டு, நானே "வந்தேங்க" சொல்லி, கொழுந்துக் கூடைக்குள் போட்டேன். கூடைதான் மலை. பவி என்னைப் பார்க்கவில்லை. ஆனால் செல்வி அக்கா பேர் வந்ததும் அவளே அகப்பையைத் தூக்கிக் கூடையில் போட்டாள்.

போய்ச் சொன்னேன். "என்னைய எதுக்குடி அகப்பையாக்குன?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அக்கா. சாயங்காலம் அவள் வீட்டிலிருந்து தேங்காய்ச் சம்பல் வந்தது.

நவ. 9, ஞாயிறு

தூறல். இரண்டாம் வகுப்பு. பழைய சேலை. போன் அடுப்படி ஜன்னலில், சிக்னல் அங்கேதான். பக்கத்தில் பருப்புச் சட்டி, இறக்கி ஆறவைத்தது.

மிஸ் பார்க்கப் பெரட்டு. கரண்டி எல்லாம் மலைக்குப் போயாச்சு. செருமிவிட்டு, "பவித்ரா" என்றேன். கூப்பிட்டபின் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும் என்பது மிஸ் பாடம். எனக்கு அதுதான் கஷ்டம். காத்திருந்தேன். தகரத்தில் தூறல் சத்தம்.

திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து கூடைக்குள் ஏறி நின்றாள்.

எனக்குக் கண் தெரியவில்லை. சந்தோஷத்தில் "மிஸ்" என்று கூப்பிட்டேன். போனுக்குள்ளிருந்து மிஸ், "வந்தேங்க" என்றார்.

கூடையில் இடமில்லை. பவி கையை நீட்டிப் போனை எடுத்துப் பருப்புச் சட்டிக்குள் வைத்தாள்.

"ரொம்ப நல்லாச் செய்றீங்கம்மா" என்றார் மிஸ், பருப்புக்குள்ளிருந்து. அத்தோடு போன் அணைந்துவிட்டது.

ராத்திரிக்கு ரசம்.