நாலு பேர் போட்ட சமன்பாடு

பெருமாநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முத்துப்பேச்சிக்கு,

தரணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ கோபமாக இருக்கிறாய் என்று உன் கடிதத்திலேயே தெரிந்தது. கோபத்தோடாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். நல்லாருக்கியா, நல்லாருக்கேன் என்பதற்கு மேல் நம் பேச்சு நகர்வதில்லை. அதனால்தான் தபால்.

"ஒங்கப்பாவுக்கு ஆர்டர் இருந்தா எங்கம்மா வேணும், ஒனக்கு ஹோம்வொர்க் இருந்தா நான் வேணும், அப்படித்தானட்டி" என்று கேட்டிருந்தாய். படித்ததும் எனக்கும் கோபம்தான் வந்தது. கடிதத்தைப் பைக்குள் திணித்துவிட்டு, பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் உன்னை மனதுக்குள் திட்டினேன். பிறகு நான் உனக்கு என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அப்பா பனியன் யூனிட்டை நிறுத்தி, உன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை போய், நீங்கள் ஊருக்கே கிளம்பிப் போன பிறகு நான் எழுதிய முதல் கடிதம் அது. அதில் பாதிக்கு மேல் கெமிஸ்ட்ரி ஹோம்வொர்க் அப்படியே கிடக்கிறது, சீக்கிரம் வா என்கிற புலம்பல். யாருக்குத்தான் எரிச்சல் வராது.

நாம் செய்து வைத்த வேலை அப்படி. ஒருவர் தோள் ஜாயின்ட் அடிக்க, அடுத்தவர் கை ஏற்ற, இன்னொருவர் பட்டி வைக்க, பனியன் கைமாறிக் கைமாறிப் போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். கெமிஸ்ட்ரியில் நிகர அயனிச் சமன்பாட்டுக்கும் அதே மாதிரி லைன் போட்டுவிட்டோம். சித்ராதேவி சமன்படுத்துவாள். எது கரையும், எது அடியில் படியும் என்று பார்த்து நீ அயனிகளாகப் பிரிப்பாய். இரண்டு பக்கமும் மாறாமல் நிற்பதை நான் கோடு போட்டு அடித்துவிடுவேன். மின்சுமை சரியா என்று பார்க்கிற செக்கிங் வேலை அனுசுயாவுக்கு. பஸ் வருவதற்குள் நாலு நோட்டும் முடிந்துவிடும். அதில் நமக்குப் பெருமை வேறு.

உன் கடிதம் வந்த வாரம் கெமிஸ்ட்ரி மிஸ் திடீரென்று டெஸ்ட் வைத்து, எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்துவிட்டார். சித்ராதேவி எல்லாவற்றையும் அழகாகச் சமன்படுத்திவிட்டுப் பேனாவை மூடிவிட்டாள். எனக்கு அடிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அனுசுயாவுக்குச் செக் பண்ண எதுவும் இல்லாததால், கேள்வித்தாளில் இருந்த எழுத்துப் பிழையைத் தேடி வட்டம் போட்டிருக்கிறாள். மிஸ் எங்கள் தாள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இந்த மூணையும் ஒண்ணாத் தைச்சாலும் ஒரு கணக்கு தேறாது போலிருக்கே" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

அன்றைக்குத்தான் உன் வேலையையும் நானே கற்றுக்கொள்வது என்று உட்கார்ந்தேன். சுலபமாக இல்லை. நீ எப்படித்தான் பார்த்த உடனே சொல்வாயோ. "சோடியம், பொட்டாசியம், நைட்ரேட்டு, இந்த மூணும் எங்கயும் படியாதுட்டி" என்று நீ சொன்னது மட்டும் நினைவிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

குளோரைடைக் கற்றுக்கொடுத்தது நம் ஊர்த் தண்ணீர். லேபில் வாலைவடிநீர் தீர்ந்துவிட்டது. மிஸ்ஸிடம் சொல்லாமல், சோதனைக்குக் கொடுத்த உப்புகளைக் குழாய்த் தண்ணீரிலேயே கரைத்தோம். சில்வர் நைட்ரேட்டை ஊற்றியதும் எல்லாருடைய சோதனைக் குழாயும் வெள்ளையாகிவிட்டது, குளோரைடே இல்லாத உப்புகூட. நம் போர் தண்ணீர் சோப்பே நுரைக்காத உப்புத் தண்ணீர், குளோரைடு அதிலேயே இருக்கிறது, நாங்கள் அதை மறந்துவிட்டோம். மிஸ் திட்டவில்லை. தண்ணீருக்கும் ஒரு சமன்பாடு எழுதச் சொன்னார். பிரித்து, அடித்து, சுமை பார்த்து, எல்லாம் நானே எழுதினேன்.

வீட்டில் அப்பா இரண்டு ஓவர்லாக் மெஷினை விற்றுவிட்டார். உன் அம்மா தைத்த மெஷினை மட்டும் கொடுக்கவில்லை. "சீனியம்மா திரும்பி வந்தா எதுல உக்காருவாங்க" என்கிறார். ஆர்டர் எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. விற்ற மெஷின்கள் இருந்த இடத்தில் இப்போது பாய் விரித்தால் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். பரீட்சை வரைக்கும் நீ இங்கே தங்கிப் படிக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வந்து படிக்கட்டும் கண்ணு. ஊட்டு வேலை ஒண்ணும் அந்தப் புள்ள செய்யறதுக்கில்லீன்னு அவங்கப்பாகிட்ட நானே சொல்லிப்போடறேன்" என்றார். உன் அப்பாவுக்கு அப்படி ஒரு பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது.

உன் டி.சி. இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. பிளஸ் டூ பரீட்சைக்கு இந்த மாதக் கடைசியில் பெயர் அனுப்புகிறார்களாம். முத்துப்பேச்சி வருவாளா என்று மிஸ் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். நீ தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேரப் போவதாக எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

பேரியம் குளோரைடையும் சோடியம் சல்பேட்டையும் கலந்தால் வருவதைக் கீழே எழுதியிருக்கிறேன். வேறு யாரும் இதைத் தொடவில்லை.

Ba²⁺ + 2Cl⁻ + 2Na⁺ + SO₄²⁻ → BaSO₄ + 2Na⁺ + 2Cl⁻

Ba²⁺ + SO₄²⁻ → BaSO₄

தப்பு இருந்தால் சிரித்துக்கொள். இருக்காது.

இதை நான் பீற்றிக்கொள்ள எழுதவில்லை. நீ கேட்டதற்குப் பதில் இதுதான். இப்போது அப்பாவிடம் ஆர்டர் இல்லை. என்னிடம் முடியாமல் கிடக்கிற ஹோம்வொர்க்கும் இல்லை. இந்த வீட்டில் உன்னால் யாருக்கும் ஒரு வேலையும் ஆக வேண்டியதில்லை. என்னை ஏட்டி என்று கூப்பிடத்தான் இங்கே ஆள் இல்லை. அதனால் வா.

எந்த பஸ் ஏறுகிறாய் என்று மட்டும் போனில் சொல். உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை.

உன்,
தரணி