மூன்றாம் ஓலைக்கு முன்

ஏற்காடு,
9.9.1996

அன்புள்ள மச்சானுக்கு,

தேவகுமாரி எழுதுவது. பிலாயில் நீங்கள் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். என் நலத்தையும் எழுத வேண்டும் அல்லவா? இன்று காலை குளிக்கும்போது தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எனவே இன்றைக்கு நலம்.

அப்பாவுக்கு மூட்டுவலி குறையவில்லை. மழையில் நனைந்துகொண்டே எஸ்டேட்டுக்குப் போய் வருகிறார். வேலை பிரித்துக் கொடுக்க ரைட்டர் தான் வராவிட்டால் ஆட்கள் மரத்தடியிலேயே நின்றுவிடுவார்கள் என்கிறார். கொட்டச்சேட்டில் மாமா பந்தலுக்கு மூங்கில் வெட்டிப் போட்டுவிட்டார். அத்தை சேலத்துக்கு இறங்கிப் புடவை எடுத்து வந்தார்கள். உங்கள் தங்கை செல்வி அதைத் தன் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, ஏனுங்க அண்ணி, உங்களவிட எனக்குத்தான் இது எடுப்பா இருக்குது, வேணும்னா மேடையில நானே உக்காந்துக்கறேன், மாப்பிள்ளைய மட்டும் மாத்திடுங்க என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவளுக்குப் பத்தொன்பது வயது.

நேற்று ஞாயிறு பூசையில் நமக்கு இரண்டாம் கல்யாண ஓலை வாசித்தார்கள். கொட்டச்சேடு ஜேசுதாஸ் மகன் ஏசுராஜுக்கும், ஏற்காடு ஞானசுந்தரம் மகள் தேவகுமாரிக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வாசித்து நிறுத்தினார்கள். யாரும் அசையவில்லை. போன வருடம் என் கூடப்பிறந்த ஸ்டெல்லா அக்காவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் எனக்கு முன் வரிசையில் இருந்தார்கள். அக்காவுக்கு முன்னால் லூர்து சின்னம்மா. அவருக்கும் முன்னால் என் அம்மா. மூன்று பேரையும் கொண்டுபோனது மார்பில் வந்த ஒரே நோய். கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அதைத் தடை என்று ஒருவரும் நினைக்கவில்லை.

அதனால் பூசை முடிந்ததும் நானே போய்ச் சாமியாரிடம் தெரிவித்தேன். அவருக்கு முதலில் புரியவில்லை. நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி பிள்ளைங்க, அதுக்குத்தான் ஆயர்கிட்ட அனுமதி வாங்கியாச்சே, வேறென்னம்மா தடை என்றார். அந்த ரத்தம்தான் சாமி தடை என்றேன். என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார். சாவைக் கண்டு பயந்துபோயிருக்கிறாய், ஜெபமாலை சொல் என்று அனுப்பிவிட்டார்.

பயம்தான். ஆனால் வெறும் பயம் இல்லை. அக்காவைப் பார்த்த டாக்டரம்மா கடைசி மாதத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். சில குடும்பங்களில் இந்த நோய்க்கான வித்து பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகிறதாம். வெளிநாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள், இங்கே இன்னும் சோதிக்க வழியில்லை என்றார். வித்து இருக்கிற ஒருவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அது வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. ஆண்களுக்கும் இருக்கலாமாம். அவர்களுக்கு நோய் வருவது அபூர்வம், ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடுவார்கள். சொந்தத்திலா கட்டுவீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவை மூடிவைத்தார்.

என் அம்மாவும் சின்னம்மாவும் மாமாவின் தங்கைகள். மாமாவிடம் அது இருந்தால் உங்களிடமும் இருக்கலாம். என்னிடமும் இருந்தால் நமக்குப் பிறப்பவளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கொடுப்போம். நான் இதைச் சொன்னபோது மாமா, பொம்பளைங்களுக்கு வர்ற நோவு ஆம்பளை வழியா எப்படிப் புள்ளே வரும், லைப்ரரியில கெடக்கற புஸ்தகமெல்லாம் படிச்சு நீ கெட்டுப் போயிட்ட என்றார். அத்தை என் தலையைத் தடவி, வெளிய குடுத்தாத்தான் கண்ணு இதெல்லாம் நோண்டிக் கேப்பாங்க, நம்ம ஊட்டுப் புள்ளைய நாம பாத்துக்க மாட்டமா என்றார்கள்.

மச்சான், சேலத்து வரன் அக்கா இறந்ததைக் கேள்விப்பட்டு நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். அந்த வாரமே மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, என் பையன் கட்டுவான் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அழுதார். அவர்கள் என்மேல் வைத்த இரக்கத்தால்தான் இந்தக் கல்யாணம். அந்த இரக்கத்துக்கு எதிராகப் பேச எனக்கு வாய் வரவில்லை. பேசியதும் யார் காதிலும் ஏறவில்லை.

ஓர் ஆணுக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குளியலறைக் கதவைத் தாழிட்டால் எனக்கு வெளியே வர மனம் வருவதில்லை. விரல்களே எனக்கு எதிரி. நேற்று இல்லாத ஒன்று இன்று இருப்பதுபோல் தோன்றும். மறுநாள் அது இருக்காது. சந்தோஷப்பட முடியாது, ஏனென்றால் அடுத்த நாள் இருக்கிறது. அமெரிக்காவில் சில பெண்கள் நோய் வரும் முன்பே இரண்டு மார்பையும் எடுத்துவிடுகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். ஐயோ என்று தோன்றவில்லை. பொறாமையாக இருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. அம்மா போனபோது அவருக்கு நாற்பத்தொன்று, அக்காவுக்கு முப்பத்திரண்டு. இனி வரும் வருடங்களை என் வருடங்கள் என்று நினைக்க முடியவில்லை. யாரோ கைமறதியாக என்னிடம் விட்டுப்போனவை போல இருக்கின்றன.

வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. அதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்தால், இந்தக் கல்யாணத்தில் உங்களுக்குச் சம்மதமில்லை என்று பங்குச்சாமியாருக்கு ஒரு தந்தி கொடுங்கள். பிந்தி வந்தாலும் கொடுங்கள். மாமா உங்களைத் திட்டுவார். பிலாயில் எவளையோ பார்த்துவிட்டான் என்று ஊர் பேசும். அந்தக் கெட்ட பெயரை எனக்காகச் சுமக்கச் சொல்கிறேன். பெரிய பாரம்தான். பெண் சொன்னால் பயம் என்கிறார்கள், ஆண் சொன்னால் கல்யாணமே நின்றுவிடும்.

செல்வியிடம் நீங்கள்தான் பேச வேண்டும். என்னை அவள் சிரித்துத் தள்ளிவிடுவாள். லீவில் வரும்போது சேலத்துக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டுங்கள். வருடந்தோறும் காட்டுங்கள். வெளியில் கட்டிக்கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் படித்த பிறகும், பரவாயில்லை, நான் இருக்கிறேன் என்று எனக்கு எழுத உங்களுக்குத் தோன்றலாம். சிறு வயதிலிருந்து உங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். எழுதினால் நான் சம்மதித்துவிடுவேன்.

ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல குடும்பமும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை மகள்,
தேவகுமாரி